மறுபடியும் டிக்கெட் எடுத்த விமர்சகர்

அனைவருக்கும் வணக்கம். தலைப்பைச் சொன்னபோதே அமைப்பாளர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "சார், பாதிப் பேர் விமர்சகர்களைத் திட்டத்தான் வர்றாங்க." பரவாயில்லை, திட்டு வாங்கிப் பழகின உடம்பு இது. ரசிகர்கள் சொல்வதைக் கேட்டு விமர்சகர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளலாமா என்பது கேள்வி. அமெரிக்காவில் நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1967 ஆகஸ்ட். ஆர்தர் பென் இயக்கிய 'போனி அண்ட் கிளைட்' நியூயார்க்கில் வெளியானது. 1930களில் வங்கிகளைக் கொள்ளையடித்துத் திரிந்த ஒரு ஜோடியின் கதை. வேடிக்கையாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ரத்தம் தெறிக்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் ஒருவன் செத்துப்போவான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே பலருக்குப் புரியவில்லை.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சினிமா விமர்சகர் பாஸ்லி கிரவுதருக்குக் கடுங்கோபம். படத்தைக் கிழித்து எழுதினார். வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டைக்கு வந்தார்கள். அவர் அசரவில்லை, மறுபடியும் எழுதினார், இன்னும் சூடாக. கிரவுதரைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1940 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திப் பலரை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்துக் கெடுபிடிகளை எதிர்த்து எழுதியவர். வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கச் சொல்லி அமெரிக்கர்களைத் திரும்பத் திரும்ப வற்புறுத்தியவர். வன்முறையை விளையாட்டாகக் காட்டக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கொள்கைக்காக அவர் நின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை பேர் எதைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்த மாதிரி தெரியவில்லை. 1968 தொடக்கத்தில் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போனது.

நியூஸ்வீக் வாரப் பத்திரிகையில் ஜோசப் மார்கன்ஸ்டர்ன் என்று இன்னொரு விமர்சகர். அவரும் முதலில் திட்டித்தான் எழுதினார். அப்புறம் மனைவியைக் கூட்டிக்கொண்டு சாதாரண ரசிகர்களோடு உட்கார்ந்து அதே படத்தை மறுபடி பார்த்தார். அரங்கம் அந்தப் படத்தோடு சேர்ந்து துடித்ததைப் பார்த்தார். அடுத்த வாரமே, அதே பத்திரிகையில், என் முந்தைய விமர்சனம் நியாயமற்றது, சரியானதும் அல்ல என்று எழுதினார். சொந்தப் பெயரில்! தவறை ஒப்புக்கொள்ள ஒரு முழு விமர்சனம் எழுதிய விமர்சகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மார்கன்ஸ்டர்ன் கைதட்டலை எண்ணிப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டவில்லை. மறுபடி பார்க்கப் போனார், அவ்வளவுதான். கூட்டத்தின் தீர்ப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. அதன் சாட்சியம் தேவைப்பட்டது. எங்கே சிரித்தார்கள், எங்கே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது சாட்சியம். அதை வைத்துக்கொண்டு தீர்ப்பை அவரேதான் எழுதினார்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நகைச்சுவைப் படம். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டும் பிரிவியூ தியேட்டரில் முப்பது பேர் இருந்திருப்போம். பிரிவியூவில் யாரும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டோம். முன் வரிசையில் இயக்குநர் உட்கார்ந்திருப்பார், பக்கத்து சீட்டில் போட்டிப் பத்திரிகைக்காரர் இருப்பார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதே ஒரு தொழில் மரியாதை மாதிரி ஆகிவிட்டது. 'சிரிப்பு வரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாட்டினி போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். அரங்கம் சிரிப்பதற்காக அந்த நடிகர் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் அரை நொடி இடம் விட்டிருக்கிறார். பிரிவியூவில் அந்த அரை நொடி எனக்குத் தொய்வாகத் தெரிந்தது! தொய்வு படத்தில் இல்லை.

சரி, கூட்டம் சொல்வதெல்லாம் சரியா? 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி நடிப்பு. பாட்டே கிடையாது. அன்றைய ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை, வசூலும் இல்லை. பாட்டு இல்லாதது குறை என்று ஒரு விமர்சகர் அன்று கூட்டத்தோடு சேர்ந்து எழுதியிருந்தால், இன்று அதைப் படித்து நாம் சிரிப்போம்.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று வழக்கும் போனது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. மறுத்தது நல்லதுதான். ஆனால் வாசலில் மைக்கை நீட்டி வாங்குவதை ரசிகர் கருத்து என்று நான் நம்புவதில்லை. மைக்கைப் பார்த்ததும் அவரும் விமர்சகராகிவிடுகிறார்: 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்.' உள்ளே சீட்டில் இருந்தபோது அவர் எங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பதை அவர் சொல்வதே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். அதற்கு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த நகைச்சுவைப் படத்துக்கு இரண்டாவதாக ஒரு விமர்சனம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். "படம் தியேட்டரை விட்டே போயிடுச்சேப்பா" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். திட்ட வந்தவர்கள் முதலில் கை தூக்கலாம்.