சுவர் போன பிறகு படத்தை வைத்து என்ன செய்வது?

நேயர்களுக்கு வணக்கம். 1674இல் ரோமுக்கு வடக்கே, பிளாமினியா சாலையைச் செப்பனிடக் கல் உடைத்தபோது, பாறையில் குடைந்த கல்லறை ஒன்று வெளிப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறை. உள்ளே சுவரெங்கும் ஓவியம். கல்வெட்டில் 'நாசோனியஸ்' என்ற பெயரைக் கண்டதும், கவிஞர் ஒவிடியஸ் நாசோவின் குடும்பம் இதுதான் என்று பழம்பொருள் ஆய்வாளர் பெல்லோரி முடிவுகட்டினார். அது தவறு. ஆனாலும் 1680இல் அவர் வெளியிட்ட நூலில் பியெத்ரோ சாந்தி பார்டோலியின் செப்புத்தகட்டுப் படங்கள் நமக்கு மிஞ்சின. ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பெயர்த்தெடுத்த 6 துண்டுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அழிந்த ஓவியங்களின் மீட்டுருவாக்கத்தை அந்தத் துண்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். துண்டையும் அதன் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பார்டோலி எங்கே உடலை நீட்டினார், உதிர்ந்த முகத்தை எங்கே தன் கைவழக்கப்படி நிரப்பினார் என்பது அப்போது பிடிபடும். சுவரே இல்லாத இடங்களில் அவரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுவே அளவுகோல்.

அடுத்து இடம் வலம். கண்ணில் பட்டபடியே தகட்டில் செதுக்கினால் தாளில் திரும்பி விழும். வாளும் ஈட்டியும் வரிசையாக இடக்கையிலேயே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூரையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அரைவட்ட வளைவுக் கூரையைத் தாளில் தட்டையாக வரைந்திருப்பார்கள். அக்கால அளவு ரோமானியப் பால்மோ, ஒன்று 22.34 செ.மீ. சுவருக்குச் சுவர் 20 பால்மோ, அதாவது சுமார் 4.47 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வளைவின் நீளமோ ஏறக்குறைய 7 மீட்டர்! இடைவெளியை மட்டும் கணக்கில் எடுத்தால் இரண்டரை மீட்டர் ஓவியம் காணாமல் போகும். வட்டச் சட்டங்களெல்லாம் முட்டை வடிவமாகும்.

நிறம் இன்னும் சிக்கல். பார்டோலியின் மகன் பிரான்செஸ்கோ ஆங்கிலேயச் சேகரிப்பாளர்களுக்கு வண்ணப் படிகள் வரைந்து விற்றவர். படியைப் பார்த்து எடுத்த படியில் உள்ள நீலம் வாங்குபவரின் ரசனையாகவும் இருக்கலாம். அசல் துண்டில் நீலம் இருந்ததா என்று அறிய வழியுண்டு: எகிப்திய நீலம் என்ற பழங்கால நிறமியின் மீது சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் அது அகச்சிவப்பில் ஒளிரும், கண்ணுக்கு மறைந்த துகளும் அகச்சிவப்பைப் பதியும் கேமராவில் வெள்ளையாகத் தெரியும். அதுவும் சிக்காத இடத்தை வெளிர்சாம்பலாகவே விட்டுவிடுங்கள்.