"என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?": சிலுவையில் இயேசு எழுப்பிய கேள்வி

[திரை: கறுப்புப் பின்னணி. "மாற்கு 15:34" என்ற எழுத்து மட்டும்.]

பிற்பகல் மூன்று மணி. எருசலேம் மதிலுக்கு வெளியே கொல்கொதா. ஆறு மணி நேரமாகச் சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்கும் இயேசு மிகுந்த சத்தமிட்டுக் கூப்பிடுகிறார்: "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?"

சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளில் மூன்று லூக்காவில் இருக்கின்றன, மூன்று யோவானில் இருக்கின்றன. மாற்கும் மத்தேயுவும் இந்த ஒன்றை மட்டுமே எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தை மட்டும் கையில் வைத்திருந்த ஒரு சபைக்கு, இயேசு இறக்குமுன் சொன்ன கடைசி வாக்கியமே இதுதான்.

தேவகுமாரன் இப்படிக் கேட்கலாமா? தாம் கொல்லப்படுவார் என்று மாற்கு 8, 9, 10 ஆகிய மூன்று அதிகாரங்களிலும் முன்கூட்டியே சொன்னவர், இப்போது "ஏன்" என்று கேட்பது எப்படி? இந்த வீடியோவில் இதைத்தான் பார்க்கப்போகிறோம். வேதாகமம் பக்கத்தில் இருந்தால் மாற்கு 15-ஐயும் சங்கீதம் 22-ஐயும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க விவிலியம் வைத்திருப்பவர்களுக்கு அது திருப்பாடல் 22. இரண்டுக்கும் நடுவே அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும்.

[திரை: ஒரு நேரக்கோடு. 9 மணி, 12 மணி, 3 மணி.]

முதலில் நேரம். மூன்றாம் மணி, அதாவது காலை 9 மணிக்குச் சிலுவையில் அறைந்தார்கள். ஆறாம் மணி, நண்பகல் 12-க்குத் தேசமெங்கும் இருள் சூழ்ந்தது. ஒன்பதாம் மணி, பிற்பகல் 3 வரை அது விலகவில்லை. இது சூரிய கிரகணம் என்று சிலர் விளக்குவார்கள். அது பொருந்தாது. இது நடந்தது யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில். அந்தப் பண்டிகை பௌர்ணமியை ஒட்டி வருவது. சூரிய கிரகணமோ அமாவாசையில்தான் நடக்கும். போதாததற்கு, முழுக் கிரகணத்தின் இருட்டு சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது. இந்த இருளின் பொருளை ஆமோஸ் 8:9, 10-இல் தேட வேண்டும். அங்கே, மத்தியானத்திலே சூரியனை அஸ்தமிக்கப்பண்ணும் நாளைக் கர்த்தர் நியாயத்தீர்ப்பின் நாளாகச் சொல்கிறார். ஒரே மகனைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்தோடு அந்த நாளை ஒப்பிடுகிறார். ஆகவே அந்த மூன்று மணி நேரமும் கொல்கொதாவின்மேல் நியாயத்தீர்ப்பின் நிழல் விழுந்திருக்கிறது. கூக்குரல் அதன் முடிவில் எழுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கைவிடப்படுதல் சிலுவையில் தொடங்கவில்லை. மாற்கு அதை 14-ஆம் அதிகாரத்திலிருந்தே படிப்படியாகக் காட்டிக்கொண்டு வருகிறார். பன்னிருவரில் ஒருவன் விற்றுவிடுகிறான். கெத்செமனே தோட்டத்தில் மூன்று சீஷர்கள் தூங்கிவிடுகிறார்கள். 14:50-இல் எல்லாரும் ஓடிப்போகிறார்கள். ஒரு வாலிபன் மேலே போர்த்தியிருந்த துப்பட்டியைக்கூடப் போட்டுவிட்டு ஓடுகிறான். பேதுரு மூன்று முறை மறுதலிக்கிறார். ஜனங்கள் இயேசுவுக்குப் பதிலாகப் பரபாஸ் என்ற கைதியை விடுவிக்கக் கேட்கிறார்கள். 15:32-க்கு வரும்போது, கூடவே சிலுவையில் அறையப்பட்டவர்களும் நிந்திக்கிறார்கள். ஒவ்வொருவராக விலகிய பிறகு மிச்சம் இருப்பது பிதா ஒருவர்தான். 34-ஆம் வசனத்தில் இயேசு அவரிடம்தான் கேட்கிறார்.

[திரை: இரண்டு பத்திகள். இடப்பக்கம் மாற்கு 15, வலப்பக்கம் சங்கீதம் 22. கோடுகள் குறுக்காக இணைகின்றன.]

இப்போது சங்கீதம் 22. இயேசு கேட்ட கேள்வி இந்தச் சங்கீதத்தின் முதல் வரி. அதற்கு முன்பே மாற்கு இந்தச் சங்கீதத்துக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். 15:24-இல் சேவகர்கள் வஸ்திரங்களைப் பங்கிட்டுச் சீட்டுப்போடுகிறார்கள்: அது சங்கீதத்தின் 18-ஆம் வசனம். 15:29-இல் வழியே போகிறவர்கள் தலையைத் துலுக்கித் தூஷிக்கிறார்கள்: அது 7-ஆம் வசனம். 15:34-இல் கூக்குரல்: அது 1-ஆம் வசனம். பதினெட்டு, ஏழு, ஒன்று. சங்கீதம் பின்னோக்கி ஓடுகிறது. துன்பப்பட்ட மனிதர் கடைசியில் நம்பிக்கைக்கு வந்து சேரும் சங்கீதத்தை மாற்கு தலைகீழாக நடத்தி, அதன் மிக இருண்ட வரியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

"அவர் சங்கீதத்தை ஜெபித்தார், அவ்வளவுதான், முடிவில் துதி வருகிறதே, அதனால் அவருக்கு உள்ளே வேதனை எதுவும் இல்லை" என்று சொல்லும் விளக்கம் இதனால்தான் நிற்காது. சங்கீதத்தின் 22-ஆம் வசனத்திலிருந்து துதி வருவது உண்மை. எபிரெயர் 2:12 அந்த 22-ஆம் வசனத்தை இயேசுவின் வாய்மொழியாகவே எடுத்துச் சொல்கிறது. ஆனால் அந்த வரிகளை இயேசு சிலுவையில் உரக்கச் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. கெத்செமனேயிலேயே அவர் திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று 14:33 சொல்கிறது. முந்தின இரவின் அந்தத் திகிலை எழுதிய அதே கை, மறுநாளின் கூக்குரலை வெறும் பாராயணமாகவா எழுதும்? சங்கீதத்தின் வார்த்தைகள் அவருக்கு ஜெப மொழியாகக் கைகொடுத்தன. வலி அவருடையது.

கைவிடுதல் என்றால் இங்கே என்ன? சங்கீதமே சொல்லிவிடுகிறது. முதல் வசனத்தின் மறுபாதி: "எனக்கு உதவி செய்யாமலும், நான் கதறிச் சொல்லும் வார்த்தைகளைக் கேளாமலும் ஏன் தூரமாயிருக்கிறீர்?" 4-ஆம், 5-ஆம் வசனங்கள் இன்னும் தெளிவு: எங்கள் பிதாக்கள் உம்மை நம்பினார்கள், அவர்களை நீர் விடுவித்தீர். அவர்களுக்குக் கிடைத்தது விடுதலை, எனக்கு அது கிடைக்கவில்லை. முறையீடு இதுதான். சங்கீதம் 71:11-இல் சத்துருக்கள் பேசுவதையும் பாருங்கள்: தேவன் அவனைக் கைவிட்டார், தொடர்ந்து பிடியுங்கள், அவனை விடுவிப்பார் யாரும் இல்லை என்கிறார்கள். சத்துருக்களின் கையில் விடப்பட்டு, காப்பாற்ற எவரும் வராத நிலை. சங்கீதங்களில் கைவிடப்படுதல் என்பது இதுவே.

[திரை: மத்தேயு 26:53.]

அதனால்தான் முந்தின இரவு முக்கியமாகிறது. நான் கேட்டால் பிதா பன்னிரண்டு லேகியோனுக்கும் (பெரிய ரோமப் படைப்பிரிவு) அதிகமான தூதரை அனுப்பமாட்டாரா என்று கைதாகும்போது இயேசு கேட்டார். அவர் அதைக் கேட்கவில்லை. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கெத்செமனேயில் ஜெபித்தார். உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று அதிலேயே முடித்தார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. சிலுவையில் அந்தப் பாத்திரத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை நேராகவே சொன்னார்: பிதா அவரைப் பாடுகளிலிருந்து காக்காமல், துன்புறுத்துகிறவர்களின் கையில் விட்டதே இந்தக் கைவிடுதல். ரோமர் 8:32-இல் பவுலும் "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர்" என்றே எழுதுகிறார்.

"பிதா தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். பாவத்தை அவரால் பார்க்க முடியாது, இயேசுமேல் பாவம் இருந்ததால் திரும்பிக்கொண்டார் என்பார்கள். அதற்கு ஆதாரமாக ஆபகூக் 1:13-ஐ, "தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே" என்பதோடு நிறுத்திக் காட்டுவார்கள். தயவுசெய்து அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள். துரோகிகளை நீர் நோக்கிக்கொண்டிருக்கிறது என்ன, நீர் மௌனமாயிருக்கிறது என்ன என்று கேட்டுத்தான் அது தொடர்கிறது. தேவன் தீமையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருக்கிறாரே என்பது ஆபகூக்கின் முறையீடு. இதைவிட நேரான சாட்சி சங்கீதம் 22-இலேயே இருக்கிறது. 24-ஆம் வசனம்: உபத்திரவப்பட்டவனின் உபத்திரவத்தை அவர் அருவருக்கவில்லை, தம் முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை, அவன் கூப்பிட்டபோது கேட்டருளினார்.

[திரை: யோவான் 16:32.]

யோவானில் இயேசு சீஷரிடம் என்னைத் தனியே விட்டுவிடுவீர்கள் என்கிறார். உடனே "ஆனாலும் நான் தனித்திரேன், பிதா என்னுடனேகூட இருக்கிறார்" என்று சேர்த்துச் சொல்கிறார். 2 கொரிந்தியர் 5:19-இன்படி தேவன் உலகத்தைக் கிறிஸ்துவுக்குள் தமக்கு ஒப்புரவாக்கினார். கிறிஸ்துவைத் தள்ளி வைத்துவிட்டு, அவருக்குள் எப்படி ஒப்புரவாக்க முடியும்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவம் சில மணி நேரத்துக்குப் பிளந்து மறுபடி ஒட்டிக்கொண்டது என்ற எண்ணத்துக்குப் பழைய திருச்சபை இடமே கொடுக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் நாசியான்சு நகரத்துக் கிரகோரியார், பிதாவோ தம்முடைய தெய்வீகமோ அவரைக் கைவிடவில்லை, கைவிடப்பட்டிருந்த நம்மை அவர் தம்மில் ஏற்று நமக்காகப் பேசினார் என்று விளக்கினார். 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின், இயேசு ஆத்துமாவிலும் கொடிய வேதனைப்பட்டார் என்று மிக அழுத்தமாக எழுதினார். அவரும் அதே இடத்தில், பிதா தம் நேசகுமாரன்மேல் ஒருபோதும் பகையாய் இருந்ததில்லை என்று வரம்பு கட்டினார். வேதனையைக் குறைக்காமலே அந்த வரம்பைக் காத்துக்கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பிறகு ஏன் விட வேண்டும்? இங்கேதான் விஷயத்தின் மையம். உபாகமம் 31:17-இல், உடன்படிக்கையை மீறும் ஜனத்தைக் "கைவிட்டு, என் முகத்தை அவர்களுக்கு மறைப்பேன்" என்று கர்த்தர் எச்சரிக்கிறார். கைவிடப்படுதல் என்பது சாபத்தின் உள்ளடக்கம். உபாகமம் 21:23 மரத்திலே தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்கிறது. கலாத்தியர் 3:13-இல் பவுல் இந்த வசனத்தை எடுத்துச் சிலுவைமேல் வைக்கிறார்: கிறிஸ்து நமக்காகச் சாபமானார். மீறினவர்கள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அவர் போய் நின்றார். அந்த இடத்தில் விடுவிக்க யாரும் வருவதில்லை, இருள் இருக்கும், கதறலுக்குப் பதில் இருக்காது. அவர் அதைப் பாவனையாகச் செய்யவில்லை. மெய்யான மனித ஆத்துமா அவருக்கு இருந்தது, மெய்யான மனித சித்தமும் இருந்தது என்று 680-81-இல் கூடிய கொன்ஸ்தாந்திநோபிள் திருச்சபைச் சங்கம் தீர்மானித்ததன் கனம் இங்கேதான் தெரிகிறது. கைவிடப்பட்டவராக உணர்ந்தது அந்த மனித ஆத்துமா. அன்பு மாறவில்லை என்பதால் அந்த உணர்வு பொய்யாகிவிடாது, உணர்வு மெய் என்பதால் அன்பு மாறியதாகவும் ஆகாது.

"ஏன்" என்று அவர் காரணம் தெரியாமல் கேட்டாரா? 10, 42, 44, 74, 88 என்று எத்தனையோ சங்கீதங்களில் இந்த "ஏன்" வருகிறது. துயரப்பட்டவன் தேவனை விடாமல் பிடித்துக்கொண்டு முறையிடும் விதம் அது. அவிசுவாசி "என் தேவனே" என்று இரண்டு முறை கூப்பிட மாட்டான்.

[திரை: கடற்காளான், காடி, கோல்.]

சுற்றி நின்றவர்களில் சிலர் அதைத் தவறாகக் கேட்டார்கள். "என் தேவனே" என்பதற்கு இயேசு சொன்ன சொல் மத்தேயுவில் "ஏலீ", மாற்கில் "எலோயீ". எலியாவைக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, ஒருவன் கடற்காளானைக் காடியில் தோய்த்துக் குடிக்கக் கொடுத்தான். எலியா இவனைச் சிலுவையிலிருந்து கீழே இறக்க வருகிறாரா பார்ப்போம் என்றார்கள். எலியா வரவில்லை.

இந்த வார்த்தை ஆதி நூற்றாண்டுகளில் பலருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. 180 வாக்கில் எழுதிய சபைத் தலைவர் இரேனியு, செரிந்து என்பவனின் போதனையைப் பதிவு செய்திருக்கிறார்: பாடுகளுக்கு முன்பே கிறிஸ்து இயேசுவை விட்டுப் பறந்துபோய்விட்டாராம், துன்பப்பட்டது வெறும் மனிதனாம். எகிப்தின் அக்மீமில் கிடைத்த, பேதுருவின் பெயரில் புனையப்பட்ட சுவிசேஷத்தில் "என் வல்லமையே, என்னைக் கைவிட்டாய்" என்று இருக்கிறது. தேவன் என்ற சொல்லே போய்விட்டது. கேம்பிரிட்ஜில் இருக்கும் பேசா கையெழுத்துப் பிரதியில் மாற்கின் வரி "ஏன் என்னை நிந்தித்தீர்" என்று மாறியிருக்கிறது. இத்தனை பேர் மழுப்பப் பார்த்த வரியை ஆதிச்சபை தானாகக் கற்பித்துச் சேர்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னார், கேட்டவர்கள் மறக்கவில்லை.

[திரை: மாற்கு 1:11, 9:7, 15:39 வரிசையாக.]

ஞானஸ்நானத்தில் வானத்திலிருந்து சத்தம் வந்தது: நீர் என்னுடைய நேசகுமாரன். மறுரூப மலையில் மேகத்திலிருந்து வந்தது: இவர் என்னுடைய நேசகுமாரன். கொல்கொதாவில் வானம் பேசவே இல்லை. இயேசு மறுபடியும் மகா சத்தமாய்க் கூப்பிட்டு ஜீவனை விடுகிறார். தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிகிறது. எதிரே நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி, அவர் ஜீவனை விட்ட விதத்தைக் கண்டு, மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன் என்கிறான். மாற்கு சுவிசேஷத்தில் ஒரு மனிதன் வாயிலிருந்து இந்த அறிக்கை இப்படி முழுதாக வருவது இங்கேதான். அற்புதம் எதையும் பார்த்து அவன் இதைச் சொல்லவில்லை. கைவிடப்பட்டவராகச் செத்தவரைப் பார்த்துச் சொன்னான்.

பிதா அந்தக் கூக்குரலைக் கேட்டாரா? எபிரெயர் 5:7-இன்படி, மரணத்தினின்று இரட்சிக்க வல்லவரை நோக்கி அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார், கேட்கப்பட்டார். ஆனால் பிதா சாவைத் தடுத்து அந்த விண்ணப்பத்துக்குப் பதில் கொடுக்கவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் அதே எருசலேமில் பேதுரு எழுந்து நின்று, சங்கீதம் 16-ஐ எடுத்து, பிதா எப்படிக் கேட்டார் என்பதைச் சொன்னார்: அவருடைய ஆத்துமா பாதாளத்திலே விடப்படவில்லை, அவருடைய மாம்சம் அழிவைக் காணவில்லை, இந்த இயேசுவைத் தேவன் எழுப்பினார், அதற்கு நாங்கள் எல்லாரும் சாட்சிகள்.

[திரை: அப்போஸ்தலர் 2:31, 32.]