புத்தக வண்டி மலை ஏறட்டும்

(சேலத்தில் நூலக வார விழாவையொட்டி நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பாதியில் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு இன்னமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட தமிழாசிரியர் அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய சால்வைக்கு நன்றி. ஏற்காட்டுக் குளிருக்கு ஆகும்.

சாப்பாடு, பேய், மாயம் என்று மூன்று வகையிலும் நல்ல புத்தகங்களைச் சொல்லச் சொன்னார்கள். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது எங்கள் ஆயா வாயில் ஓயாத பழமொழி. அதோடு எனக்கு நெடுநாள் தகராறு. மருத்துவர் கு. சிவராமனின் 'ஆறாம் திணை'யைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டு அடுப்பில் சாமையும் தினையும் ஏறின. உதவியதா இல்லையா? முகிலின் 'உணவு சரித்திரம்' இன்னொன்று. நம்ம ஊர் தட்டுவடை செட்டைக் கடிக்கிறீர்களே, அதன் காரச் சட்னியில் இருக்கும் மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. செட்டுக்கென்றே ஒருவர் புத்தகம் எழுத வேண்டும். அது தனிக் கூட்டம்.

பேய்க்கு வருகிறேன். எங்கள் மாமா ஒருவர் ஏற்காடு மலையில் எஸ்டேட் காவலர். ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' எடுத்துப் போனார். ராத்திரிக் காவல், களத்து ஓரத்துக் கொட்டகை, ஒற்றை பல்பு. நடுக்கதையில் வெளியே ஒரு பெருமூச்சு. பக்கத்தைப் புரட்டுகிறார், மறுபடியும் பெருமூச்சு. 'யார்ரா அது?' பதில் இல்லை, வேலி சாய்கிற சத்தம்தான். சேர்வராயன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு டார்ச் அடித்தால், பலாமரத்தடியில் காட்டுமாடு! வாயெல்லாம் பலாப்பழம், இவரை ஏற இறங்கப் பார்க்கிறது. மாமா ஓடவில்லை. கதவைச் சாத்தி, மீதிக் கதையையும் முடித்துவிட்டுத்தான் காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் விட்டதும் முதல் கேள்வி, 'மாப்ள, இதே மாதிரி இன்னொன்னு இருக்குதா?'

சிரிக்கிறீர்கள். அந்த இன்னொன்றுக்காக அவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் வந்து, திரும்ப ஏற வேண்டும். ஒரு நாள் சம்பளம் போச்சு.

மாயக்கதையில் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர் பெருமாள்முருகனின் 'பூனாச்சி' இருக்கிறது. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அரசாங்கம் கணக்கு வைக்கிற ஊர். சுசன்னா கிளார்க் 2020இல் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரனேசி' நாவலில் மாளிகையின் கீழ்க்கூடங்களில் கடல் அலையடிக்கிறது. விரிவாகச் சொல்லக் குறிப்பு வைத்திருந்தேன். ஆனால் மாமாவை நினைத்தால் பேச்சு மலைக்குப் போக வேண்டிய புத்தக வண்டிப் பக்கமே போகிறது.

1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. 1948இல் இந்தியாவிலேயே முதலாவதாக நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. மலையில் வீட்டு வரி கட்டுகிறவரும் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சேர்த்துத்தான் கட்டுகிறார். சேலத்து அலமாரியில் இருக்கிற புத்தகம் மலைமேல் இருக்கிற மாரமங்கலத்துப் பிள்ளைக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். இந்த ஒரு இடத்தில் ஆயாவிடம் தோற்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு வேன், நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் வரைக்கும் போகட்டும். பேய்க்கதை கொஞ்சம் கூடுதலாக ஏற்றுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தருவதாக மாமன்ற உறுப்பினர் அம்மா சொல்லியிருக்கிறார்கள், பலமாகக் கைதட்டுங்கள். மனு வாசல் மேசையில், சுண்டலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் சுண்டல். வணக்கம்.