வெடுக்கு மீனிலா, மூக்கிலா?

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வரும்போது கல்லடிப் பக்கம் காற்றில் கருவாட்டு மணம் அடித்தது. கூட வந்த தம்பி மூக்கைப் பொத்தினார், எனக்கோ வாயூறியது. சரி, இன்றைக்கு அந்த மூக்கைப் பற்றியே பேசுவோம் என்று வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

கடல்மீனின் உடம்பில், உப்புத்தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று டிரைமெதைலமீன் ஒக்சைட் என்றொரு பொருள் இருக்கிறது, அதற்கு மணமே கிடையாது. மீன் செத்த பிறகு பற்றீரியாக்கள் அதை டிரைமெதைலமீனாக மாற்றிவிடும், நாம் வெடுக்கு என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சாமானைத்தான். அது ஒரு மூலம், பள்ளிக்கூடத்தில் அமிலம், மூலம் என்று படித்தோமே, அந்த மூலம். தேசிக்காய்ப் புளி பட்டதும் உப்பாகிவிடும், காற்றில் கிளம்பாது. மீனைக் கழுவும்போது புளி விடுவது சும்மா இல்லை.

கிளம்பிய மணம் மூக்கின் மேற்பகுதியில் மணத்தைப் பிடிக்கும் ஒரு வாங்கிப் புரதத்தில் போய் ஒட்டுகிறது. பெயர் ரி.ஏ.ஏ.ஆர்.5. 337 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, நரம்புக் கலத்தின் மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்கும். அதை உண்டாக்கும் பரம்பரையலகு நமது 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மனிதரிடம் வழமையான மணவாங்கிகள் ஏறத்தாழ 400 உண்டு, இது அந்தக் கூட்டத்தில் சேராத சின்னக் குடும்பம். இந்தக் குடும்பம் மணம் பிடிக்கிறது என்று 2006இல் சுண்டெலிகளை வைத்துக் காட்டியவர்கள் ஆய்வாளர்கள் லிபர்லெஸும் லிண்டா பக்கும். மணவாங்கிகளைக் கண்டுபிடித்ததற்காக 2004இல் ரிச்சர்ட் அக்செலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே லிண்டா பக்தான்.

இனி ஐஸ்லாந்துக் கதை. அதுவும் மீன்பிடி நாடு. அங்கே பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மணங்களை முகரக் கொடுத்து, அவர்களுடைய பரம்பரையலகுகளோடு ஒப்பிட்டு 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ரி.ஏ.ஏ.ஆர்.5 சங்கிலியில் 95ஆவது இடத்தில் செரீனுக்குப் பதிலாகப் புரோலின் வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு மீன் மணம் அவ்வளவு அருவருப்பாக இல்லை. சிலர் அதைக் கரமல் என்றார்கள், உருளைக்கிழங்கு என்றார்கள், ஒருசிலர் ரோசாப்பூ என்றே சொல்லிவிட்டார்கள்! ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதற்கு இவ்வளவு கூத்து.

சுண்டெலிக்கோ இந்த மணம் பிடிக்கும், ஆண் சுண்டெலியின் சிறுநீரில் இதே டிரைமெதைலமீன் நிறைய உண்டு. பொருளும் ஒன்று, வாங்கியும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் நாம் முகம் சுளிக்கிற இடத்துக்குச் சுண்டெலி ஆசையோடு ஓடி வருகிறது.

அப்போ எனக்கு ஏன் வாயூறியது? எனக்கும் வெடுக்கு அடிக்கத்தான் செய்கிறது. சின்ன வயதில் இருந்து அந்த மணத்துக்குப் பின்னாலேயே சோறும் சொதியும் வந்து பழகிவிட்டது, அதற்கு ரி.ஏ.ஏ.ஆர்.5 பொறுப்பில்லை.