பாட்டி அவித்த நெல்லுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "நம் உடல்நலக் கவலைக்கு உணவுத் தொழில்நுட்பம் தருவது தீர்வா, வெறும் விளம்பரமா?" என்பது தலைப்பு. தீர்வுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். அப்புறம் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து எண்ணெய், நாலாவதாகத்தான் ராகி எட்டிப் பார்க்கிறது. எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்துப் பெருமையைப் பின்பக்கமே காட்டிக்கொடுக்கிறது. இது விளம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லையே. "எங்க பாட்டி காலத்துல தொழில்நுட்பமா இருந்துச்சு? உடம்பு கல்லு மாதிரி இருக்கலையா?" என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

பாட்டி நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, பாயில் காயப்போட்டுக் குத்தினாரே, அதற்கு என்ன பெயர் வைப்பார்? ஊறி அவியும்போது தவிட்டில் இருக்கும் பி1 என்ற வைட்டமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் நல்ல பங்கு உள்ளேயே தங்கும். பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மலாயாவில் தெரிந்தது. ஆலையில் பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை, பி1 சத்துக் குறைந்தால் வரும் பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயமே நின்றுவிடும். அதே மண்ணில் வேலை செய்த நம் தமிழர்களிடம் அந்த நோய் அரிது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907-இல் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு மருத்துவர்கள், சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். பெரிபெரி வந்தது வெள்ளை அரிசிக் கூட்டத்துக்குத்தான்.

சரி, பாட்டி முறையில் குறையே இல்லையா? உண்டு. நெல் இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறினால் புளித்து ஒரு வாடை வரும். அந்தச் சோற்றைப் பார்த்து டவுனுக்குப் போன பேரன் மூக்கைப் பொத்தினான். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வெந்நீர் முறையைக் கொண்டுவந்தது. 70 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும். வாடை போனது, பேரனும் தட்டுக்குத் திரும்பினான்.

அடுத்து உப்பு. தொண்டைக் கழலைக்கு மருந்து அயோடின். ஆனால் அதை உப்பில் அயோடைடு என்ற வடிவில் சேர்த்தால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பறந்துவிடும். அதனால்தான் அயோடேட் என்ற நிலையான வடிவில் சேர்க்கிறார்கள். கடையில் வாங்கும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருந்தாக வேண்டும். சோகைக்கு இரும்பையும் சேர்க்கலாமே என்று பார்த்தால், இரண்டும் ஒத்துப்போகாது. உப்பு நிறம் மாறும், அயோடின் கழன்றுகொள்ளும். மாமியார் மருமகள் மாதிரி என்று சொல்ல நினைத்தேன், வீட்டுக்காரம்மா முன்வரிசையில் இருக்கிறார், வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடுவில் ஒரு நிலைப்படுத்தியைச் சேர்த்து இரண்டையும் ஒரே பாக்கெட்டில் குடிவைத்தது. 2014-இல் தமிழ்நாடு உப்புக் கழகம் கொண்டுவந்த அம்மா உப்பில் இந்த இருசத்து உப்பும் இருந்தது, ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கென்று சோடியம் குறைத்த உப்பும் இருந்தது. (சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.) இந்த உப்புக்கு எந்த நடிகர் வந்து ஆடினார்? விளம்பரமாம்!

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, அரை நிமிடம். மேடை ஏறுவதற்கு முன் எதிரணித் தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டார். அது எந்த அரிசி என்று அவரையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள்.