கோப்பு இருந்தது, எழுத்து இல்லை

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தப்பட்டதிலிருந்து, விண்டோஸ் 11க்கு மாறலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மாறுவதா வேண்டாமா என்பதை உங்கள் கணினியின் வயதும் உங்கள் தேவையும் முடிவு செய்யட்டும். மாறுவதற்கு முந்தைய நாள் மாலை செய்ய வேண்டிய வேலையை, அதாவது கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கும் பேக்கப்பைப் பற்றி மட்டுமே நான் பேசப்போகிறேன்.

"உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும் என்று திரையிலேயே சொல்கிறார்களே, பிறகு பேக்கப் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் அப்படியே இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தல், ஆவணக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய கோப்புறையை வெறுமையானது என்று தவறாகக் கொண்டு, அதில் மிச்சமிருந்த கோப்புகளோடு சேர்த்து அழித்துவிட்டது. சில நாள்களிலேயே வெளியீட்டை நிறுத்திவைத்த மைக்ரோசாஃப்ட், பிழையைத் திருத்தி நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. அந்தச் சில நாள்களுக்குள் அவசரப்பட்டவர்களில் கைவசம் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

பிரதி வைத்திருந்தும் நாங்கள் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் தந்தையார், எங்கள் பகுதியில் வழங்கிய உழவுச் சொற்களைத் தொகுத்து, இருநூறு பக்கங்களுக்கு மேல் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். 2016இல் விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாற்றுவதற்காகக் கணினியை ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, வன்தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவித் தந்தார்கள். ஒரு கோப்புகூடக் குறையவில்லை. திறந்து பார்த்தால், பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் சிதறிக் கிடந்தன.

அப்பா பதறவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் சொல்லின் மீது விரல் வைத்து, "இதில் மூன்று அரைப்புள்ளி இருக்கிறது, பார்த்தாயா? இது ஏர்க்கால்" என்றார். எண்ணிப் பாருங்கள், ஏர்க்கால் என்ற சொல்லில் ர், க், ல் என்று மூன்று புள்ளி எழுத்துகள் வருகின்றன. அவர் பயன்படுத்திய பழைய எழுத்துருவில் அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியை வைத்திருந்தார்கள். தொலைந்தது அந்த எழுத்துரு ஒன்றுதான். பாமினி போலப் பரவலான எழுத்துருவாக இருந்திருந்தால், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்திலேயே கிடைத்திருக்கும். இதுவோ எப்போதோ மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருளோடு வந்தது. மூன்று வாரம் அலைந்த பிறகு, திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் ஒரு சிறிய அச்சகத்தில், இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த கணினியில் அது கிடைத்தது. "வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இதை யாரும் கேட்டே பல வருடம் ஆயிற்று" என்றார் அச்சகக்காரர். நூறு கிலோபைட்டுக்கும் குறைவான ஒரு கோப்புக்காக மூன்று வாரம்!

ஆகவே, யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தமிழ் தட்டச்சு செய்தவர்கள், சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். மீண்டும் சொல்கிறேன், கோப்புகளோடு எழுத்துருக்களையும் எடுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து முடித்ததும், அதை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளையாவது திறந்து வாசித்துப் பாருங்கள். உங்கள் கணினியிலேயே திறந்து பார்த்தால் போதாது. அங்கே எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் நடந்த தவறும் இதுதான். பென் டிரைவில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபியை எட்டும் எந்தத் தனிக் கோப்பையும் ஏற்காது, ஆகையால் நீளமான திருமண வீடியோக்கள் விடுபட்டுப்போகும். சரிபார்த்த பிறகு டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டே மேம்படுத்தலைத் தொடங்குங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சொல். அது ஒத்திசைவு; கணினியில் ஒரு கோப்பு அழிந்தால் அங்கிருந்தும் அது நீங்கும், மறுசுழற்சித் தொட்டியில் சில நாள் மட்டுமே தங்கும். அதை இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம், ஒரே பிரதியாக வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கும், மேம்படுத்தலுக்குப் பின் சில வேளைகளில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதல் நாளே அதைத் தேடியெடுத்து, ஒரு தாளில் எழுதி, அந்த ஹார்ட் டிஸ்க் இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.