கல்லா நிறைந்தால் கலை குறைந்துவிடுமா?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, அவையில் அமர்ந்திருக்கும் இசைப்பிரியர்களே, வணக்கம்.

‘பாப் பாடகர்களின் வாழ்க்கையை மேடை இசைநாடகமாக்குவது கலைக்கு வரவா, கல்லாவுக்கு வரவா?’ என்பது தலைப்பு. எதிரணி நண்பர் வழக்கை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பாட்டு ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். இரண்டு பாட்டுக்கு நடுவில் இரண்டு வசனம் வைத்தால் நாடகம். “பழைய சோற்றைத் தாளித்துப் புதுச் சோறு என்று பரிமாறுகிறார்கள்” என்றார். கைதட்டலும் வாங்கினார். அப்படிப்பட்ட நாடகங்கள் இல்லையென்று நான் சாதிக்கப்போவதில்லை. நிறையவே இருக்கின்றன. ஆனால் சொத்தைக் கத்திரிக்காயை எடுத்துக் காட்டித் தோட்டத்தையே பழிப்பது நியாயமா?

நான் ஒரே ஒரு நாடகத்தோடு வந்திருக்கிறேன். கரோல் கிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பியூட்டிஃபுல்’. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 2014 ஜனவரியில் முறைப்படி தொடங்கி, 2019 அக்டோபர் வரை 2,418 காட்சிகள் நடந்தது. கல்லா நிறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். நண்பர் அதைக் குறித்துக்கொள்கிறார், குறிக்கட்டும்.

யார் இந்தக் கரோல் கிங்? மெட்டுப் போடுபவராகத் தொடங்கிப் பாடகியான அமெரிக்கர். நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். 17 வயதில் ஜெரி கோஃபினைத் திருமணம் செய்துகொண்டார். 18 வயதில் கையில் குழந்தை. கணவர் சொல் எழுத, இவர் மெட்டுப் போடுவார். டான் கிர்ஷ்னரின் பாட்டு வெளியீட்டு நிறுவனத்தில், 1650 பிராட்வே என்ற கட்டடத்தில், சிறு சிறு அறைகள், அறைக்கொரு பியானோ. அடுத்த அறையில் இன்னொரு பாட்டு ஜோடியான பேரி மானும் சிந்தியா வைலும் போட்டிக்கு எழுதுவது சுவர் வழியே காதில் விழும். பாட்டு அங்கே வானத்திலிருந்து இறங்கவில்லை ஐயா. கெடு வைத்து வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பிறந்ததுதான் ‘வில் யூ லவ் மீ டுமாரோ’. இன்றிரவு என்னுடையவன், நாளையும் என்னை நேசிப்பாயா என்று ஒரு பெண் கேட்கும் பாட்டு. சொற்களை எழுதியவர் கோஃபின், ஓர் ஆண். ஷிரெல்ஸ் குழுவினர் பாடினார்கள். 1961 ஜனவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. பாடியவர்களை நாடே அறிந்தது. எழுதியவர்கள் எங்கே? இசைத்தட்டின் நடுவட்டத்தில், அடைப்புக்குறிக்குள், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில்.

நடுவர் அவர்களே, என் கட்சி இங்கேதான் நிற்கிறது. இசைத்தட்டில் பாடியவரின் குரல் கேட்கும். பாட்டைச் செய்தவரின் கை தெரியாது. மேடை அந்தக் கையைக் காட்டுகிறது. ‘பியூட்டிஃபுல்’ நாடகத்தில் கரோலும் ஜெரியும் அப்போதுதான் எழுதி முடித்த பாட்டைத் தங்களுக்குள் பாடிப் பார்க்கிறார்கள். பாட்டு முடிவதற்குள் டிரிஃப்டர்ஸ் என்ற பாடகர் குழுவினர் அதை எடுத்துப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதைக் கண்ணெதிரே பார்ப்பது போன்றது அது. வேறு எந்த வழியில் இதைக் காட்டுவீர்கள்?

இன்னொன்று. கோஃபினின் வேறு உறவுகளால் குடும்பம் உடைந்து, 1968-இல் விவாகரத்து. கரோல் குழந்தைகளோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1971-இல் ‘டேப்பெஸ்ட்ரி’ என்ற தொகுப்பைத் தன் குரலிலேயே வெளியிட்டார். 15 வாரம் முதலிடம். அடுத்த ஆண்டு நான்கு கிராமி விருதுகள். அந்தத் தொகுப்பில் அதே பழைய ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ இருக்கிறது. கேள்வி மாறவில்லை. வேகம் குறைந்திருக்கிறது. நாளையும் நேசிப்பாயா என்று எழுதிக் கொடுத்தவனே நேசிக்காமல் போனபிறகு, அதே கேள்வியை அவள் மெதுவாகக் கேட்கிறாள். இதைக் கேட்டும் கண் கலங்காதவர்கள் எதிரணியில் மட்டும்தான் இருக்க முடியும்!

“அப்படியானால் இசைத்தட்டே போதுமே” என்று நண்பர் எழுந்து கேட்பார். முதல் பதிவுக்கும் இரண்டாவது பதிவுக்கும் நடுவில் ஓடிய பத்து வருடம் எந்த இசைத்தட்டில் இருக்கிறது? அந்தப் பத்து வருடம்தான் நாடகம்.

“நடிகை செய்வது வெறும் குரல் நகல்” என்றும் சொன்னார். தன்னைப் பாடகியாகவே எண்ணாத ஒருத்தி பாடகியாகும் கதை ஐயா இது. நல்ல குரல்வளம் உள்ள நடிகை முதல் பாதி முழுக்க அதை அடக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். கரோலாக நடித்த ஜெஸ்ஸி மியூலருக்கு 2014-இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கொடுத்தவர்கள் நகலுக்கா கொடுத்தார்கள்?

அடுத்தது, பொய். ஆம், நாடகத்தில் கற்பனை உண்டு. கோஃபினோடு பழகும் பாடகிக்குக் கற்பனைப் பெயர். கதை 1971-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கரோல் பாடுவதோடு நின்றுவிடுகிறது. கரோலுக்கு அப்போது 29 வயதுதான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு திருமணங்களும் எத்தனையோ மேடு பள்ளங்களும் உண்டு. மேடை அவற்றைத் தொடவில்லை. இது குறைதான், வெற்றி மேடையில் திரையை இறக்குவது வசதியான முடிவு என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

ஆனால் சாட்சி யார் தெரியுமா? கரோல் கிங்கேதான். நாடகம் ஒத்திகை வாசிப்பாக இருந்தபோது வந்து உட்கார்ந்தவர், இடைவேளையில் எழுந்து போய்விட்டார். நன்றாக இல்லை என்பதால் அல்ல. பார்க்க முடியாத அளவுக்கு வலித்ததால். வெறும் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார், அல்லது வக்கீலைக் கூப்பிட்டிருப்பார்.

மணி அடிக்கிறார்கள், ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

பிராட்வேயில் நாடகம் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதமாகியும் அவர் வரவில்லை. 2014 ஏப்ரல் 3 அன்று, தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி மாறுவேடத்தில் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தார். இம்முறை இடைவேளையில் எழுந்து போகவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு மேடை ஏறினார். தன்னை நடித்த பெண்ணோடு சேர்ந்து பாடினார்.

எதிரணி நண்பரே, அன்று அவர் கல்லாவைப் பார்க்கவா வந்தார்? நன்றி, வணக்கம்.